அரை விரல் செடிக்கு ஓர் அடைமொழி

"சிஸ்டர், ‘உயர்ந்த’ங்கிறதுக்கு லத்தீன்ல என்ன?"

"எது?"

"உயர்ந்த."

"காதுல விழுந்துது. எது உயர்ந்தது?"

"எதுவா இருந்தா என்ன சிஸ்டர்? வார்த்தையைச் சொல்லுங்க."

"எதுன்னு தெரியாம வார்த்தைக்கு வாலை எப்படி ஒட்டுறது?"

கேட்டவர் வேதமாணிக்கம். வயது ஐம்பத்தேழு. மலையடிவாரத்துக் கல்லூரி ஒன்றின் ஹெர்பேரியத்தில் முப்பத்தொரு வருடமாக வேலை. ஹெர்பேரியம் என்பது காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டி, பெயர் எழுதி, அலமாரியில் அடுக்கி வைக்கும் அறை.

பதில் சொன்னவர் சிஸ்டர் ஜெசிந்தா. வயது முப்பத்தெட்டு. ரோமில் நான்கு வருடம் லத்தீன் படித்துவிட்டு வந்து, பக்கத்துக் கன்னியர் மடத்தில், அதைப் படிக்க விரும்பாத பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

குருவுக்குச் சீடரைவிடப் பத்தொன்பது வயது குறைவு. அதில் இரண்டு பேருக்குமே வருத்தம் இல்லை.

அப்போதெல்லாம் ஒரு புதிய செடியை உலகத்துக்குச் சொல்ல வேண்டுமானால் பெயரையும் லத்தீனில் வைக்க வேண்டும், விவரத்தையும் லத்தீனில் எழுத வேண்டும். வேதமாணிக்கம் ஆயிரக்கணக்கான தாள்களில் லத்தீன் பெயர்களை அழகான கையெழுத்தில் எழுதியவர். ஒன்றுக்கும் அர்த்தம் தெரியாது.

ஒருநாள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது. மடத்துக் கதவைத் தட்டினார்.

அன்றிலிருந்து வியாழக்கிழமைதோறும் மூன்று மணிக்குப் பாடம். மடத்தின் பார்வையாளர் அறையில், பச்சை விரிப்பு போட்ட மேஜையில்.

சிஸ்டர் அதிகம் பேச மாட்டார்.

‘காய்ந்த’ என்ற சொல்லைக் கேட்டபோது, காபி குடித்து முடித்த டம்ளரை எடுத்துக் கவிழ்த்துக் காட்டினார். ‘எளிதில் உடையக்கூடிய’ என்றபோது, வேதமாணிக்கத்தின் கையில் இருந்த சாக்பீஸை வாங்கி ஒடித்துக் கொடுத்தார்.

வேதமாணிக்கம் அவற்றை மறக்கவே இல்லை. ஒன்றரை வருடத்தில் ஐந்நூறு சொற்கள் சேர்ந்துவிட்டன.

"சொல்லுங்க ஐயா. எது உயர்ந்தது?"

"ஒரு செடி சிஸ்டர்."

"செடியோட முதல் பேரு ஆணா, பெண்ணா, ரெண்டும் இல்லாததா?"

"பெண்ணுன்னு எங்க காலேஜ் புரொஃபசர் சொன்னாரு."

"பெயரடைக்குன்னு சொந்தமா ஒரு உருவம் கிடையாது. பக்கத்துல யார் நிக்கிறாங்களோ அவங்களுக்குத் தக்கபடி மாறிக்கும். ஆணுக்கு எக்ஸெல்ஸுஸ். ரெண்டும் இல்லாததுக்கு எக்ஸெல்ஸும். பெண்ணுக்கு எக்ஸெல்ஸா."

"எக்ஸெல்ஸா."

வேதமாணிக்கம் நோட்டில் எழுதிக்கொண்டார். இன்னொரு தடவை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தார். கேட்க நன்றாக இருந்தது.

"செடி எவ்வளவு உயரம் ஐயா?"

அவர் சுண்டுவிரலை நீட்டி, அதன் பாதியில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார்.

சிஸ்டர் சிரிக்கவில்லை. அது அவருடைய நல்ல குணம்.

"அடுத்த வியாழக்கிழமை கொண்டு வாங்க. பார்ப்போம்."



அந்தச் செடியை அவர் கண்டுபிடித்தது கண்ணால் அல்ல, காலால்.

ஆடி மாதச் சாரலில் மலைமேல் ஒரு பாறைச் சரிவில் நடந்துகொண்டிருந்தார். செருப்பு வழுக்கியது. தொப்பென்று உட்கார்ந்தார். எழுந்திருக்க ஊன்றிய கைக்குக் கீழே ஏதோ நசுங்கியது.

பாறை வெடிப்பில் கொஞ்சம் மண். மண்ணில் படிந்த நாலைந்து இலை. கத்தியால் கெல்லி எடுத்தபோதுதான் அதில் ஒரு பூவும் இருப்பது தெரிந்தது. மழை வலுத்துவிட்டது. செய்தித்தாளில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு இறங்கிவிட்டார்.

புரொஃபசர் அதைப் பெரிய ஊர் ஹெர்பேரியங்களுக்கு அனுப்பிக் கேட்டார். பதினோரு மாதம் கழித்துப் பதில் வந்தது. உலகத்தில் இதுவரை யாரும் எழுதி வைக்காத செடி.

"கண்டெடுத்தது நீங்க. அடைமொழியை நீங்களே வைங்க" என்றார் புரொஃபசர். அவர் நல்ல மனிதர்.

செடிகளின் பெயருக்கு இரண்டு பாகம். முதல் பாகம் அதன் கூட்டத்துக்குப் பொதுவானது. இரண்டாவது பாகம் அதற்கு மட்டுமே உரிய அடைமொழி. பெரும்பாலும் ஒரு பெயரடை.

அதற்கு ஒரு விதி உண்டு. ஒருமுறை அச்சில் ஏறிவிட்டால், பொருத்தமில்லை என்று சொல்லிக்கூட அந்தப் பெயரை மாற்ற முடியாது. வைத்தவரே வந்து கெஞ்சினாலும் முடியாது.

வேதமாணிக்கத்துக்கு இந்த விதி மனப்பாடம். அதனால்தான் அவருக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த மாதக் கடைசிக்குள் எல்லாவற்றையும் அனுப்பியாக வேண்டும்.



அடுத்த வியாழக்கிழமை அவர் தமிழில் எழுதிய விவரத்தையும், செடி ஒட்டிய தாளையும் கொண்டுவந்தார். பச்சை விரிப்பின் மேல் விரித்து வைத்தார்.

சிஸ்டர் நாற்காலியிலிருந்து எழுந்தார். மேஜையில் இரண்டு கையையும் ஊன்றிக் குனிந்து பார்த்தார்.

தட்டையான சிறிய செடி. காய்ந்த பிறகும் ஊதா நிறம் போகாத ஒரு பூ.

"ஹுமிலிஸ்" என்றார்.

வேதமாணிக்கத்தின் கை தாளின் ஓரத்துக்குப் போயிற்று.

"இதுக்கு இதைவிடப் பொருத்தமா ஒண்ணு கிடைக்காது ஐயா. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே உருவம், வாலை மாத்தவே வேண்டாம். ஹுமிலிஸ்னா..."

"எனக்குத் தெரியும் சிஸ்டர்."

சிஸ்டர் ஆச்சரியப்பட்டார். அந்தச் சொல்லை அவர் இன்னும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

வேதமாணிக்கம் தாளை உறைக்குள் வைத்தார். உறையின் கயிற்றைக் கட்டினார். வழக்கமாக ஒரு முடிச்சு. அன்று மூன்று முடிச்சு போட்டார்.

"வாரேன் சிஸ்டர்."

மேஜையில் காபி ஆறிக்கொண்டிருந்தது.



அடுத்த வியாழக்கிழமை அவர் வரவில்லை.

அதற்கடுத்த வியாழக்கிழமையும் வரவில்லை.

மூன்றாவது வாரம், செவ்வாய்க்கிழமை காலையில், சிஸ்டர் ஜெசிந்தா ஹெர்பேரியத்தின் வாசலில் நின்றார்.

உள்ளே அந்துருண்டை வாசனை. வேதமாணிக்கம் ஒரு புல்லைத் தாளில் ஒட்டிக்கொண்டிருந்தார். எழுந்து ஸ்டூலைத் துடைத்துப் போட்டார்.

"உக்காருங்க சிஸ்டர்."

மறுபடி புல்லை ஒட்டப் போய்விட்டார்.

சிஸ்டர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் என்ன தப்புப் பண்ணினேன், ஐயா?"

வேதமாணிக்கம் புல்லின் வேரில் பசை தடவினார்.

"தெரிஞ்சா திருத்திக்குவேன். தெரியாம எப்படித் திருத்திக்கிறது?"

வேதமாணிக்கம் பசைத் தூரிகையைக் கீழே வைத்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து, அடியிலிருந்து ஓர் அட்டையை எடுத்து நீட்டினார்.

பழைய கல்யாணப் பத்திரிகை. மேலே ஒரு சிலுவை. ஓரமெல்லாம் பழுப்பு.

"என் கல்யாணப் பத்திரிகைதான். எங்க அப்பா பேரு இருக்கிற இடத்தைப் பாருங்க."

சிஸ்டர் பார்த்தார். ‘திரு. ச. யாக்கோபு’ என்று இருந்தது. பெயருக்குப் பின்னால், பட்டம் போடும் இடத்தில், லத்தீனில் இரண்டு சொற்கள். அதில் முதல் சொல் ஹுமிலிஸ்.

இரண்டாவது சொல்லையும் சேர்த்துப் படித்தால், ‘தாழ்ந்த நிலையினர்’.

சிஸ்டர் அட்டையை மேஜையில் வைத்தார்.

"இதை யார் போட்டது?"

"நாந்தான்."

"நீங்களா?"

"கல்யாணத்துக்கு ஞானஸ்நான சர்டிபிகேட் வாங்கப் போனேன் சிஸ்டர். பழைய பதிவேட்டைப் புரட்டும்போது எங்க அப்பா பேரு கண்ணுல பட்டுது. பின்னால லத்தீன்ல என்னமோ எழுதியிருக்கு. அந்தக் காலத்துச் சாமியார் யாரோ எழுதினது. எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. இந்த ஹெர்பேரியத்துல சேந்த புதுசு. லத்தீன்ல எழுதியிருந்தா அது பெரிய விஷயம்னு நினைப்பு."

அவர் தூரிகையை எடுத்துத் துணியில் துடைத்தார்.

"பட்டம்னு நினைச்சேன்."

சிஸ்டர் அந்த இரண்டு சொற்களையும் மறுபடி படித்தார்.

"எழுத்து எழுத்தாப் பாத்து எழுதிட்டு வந்து அச்சாபீஸ்ல குடுத்தேன். அப்பாகிட்டச் சொன்னேன், ‘உங்களுக்குக் கோயில் ஏட்டுலேயே பட்டம் இருக்கு அப்பா’ன்னு. எங்க அப்பா வயல்ல கூலிக்குப் போறவரு. எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு வீடாப் போயி, பத்திரிகையக் குடுத்து, அந்த இடத்துல விரலை வச்சுக் காட்டிட்டு வந்தாரு."

"ஐயா..."

"கல்யாணத்தை ஆசீர்வதிச்சு மந்திரிக்க வந்த சாமியாரு அன்னைக்குப் பத்திரிகையை வாங்கிப் பாத்தாரு. என்னைத் தனியாக் கூப்பிட்டு அர்த்தத்தைச் சொன்னாரு. நல்ல மனசுக்காரரு, மெதுவாத்தான் சொன்னாரு."

"அப்பாகிட்டச் சொன்னீங்களா?"

"சாகுற வரைக்கும் சொல்லல. அவரு பத்திரிகையைச் சட்டம் போட்டுச் செவுத்துல மாட்டி வச்சிருந்தாரு."

வெளியே கல்லூரி மணி அடித்தது. பையன்கள் சத்தமாக வகுப்பு மாறினார்கள்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கேன். ரோம்லயும் அந்த வார்த்தைக்கு அதான் அர்த்தமா?"

சிஸ்டர் ஆறுதலுக்காகப் பொய் சொல்லும் பழக்கம் இல்லாதவர்.

"ஆமா ஐயா. அங்கேயும் அதே அர்த்தம்தான். அகராதி எழுதினவங்க எல்லாம் மேல உக்காந்திருந்தவங்கதானே."

"வேற அர்த்தமே கிடையாதா?"

"இருக்கு. அதைவிடப் பழசு. ஹுமுஸ்னா மண்ணு. ஹுமிலிஸ்னா மண்ணை ஒட்டி இருக்கிறது. முதல்ல அவ்வளவுதான். செடியைச் சொன்னாங்க, குடிசையைச் சொன்னாங்க."

"பெறவு?"

"பிறகு மனுஷங்களைச் சொன்னாங்க."

வேதமாணிக்கம் தலையாட்டினார்.

"எங்க அப்பா பேரைத் திருத்த முடியல. இந்தச் செடி பேரு என் கையில இருக்கு. உலகம் உள்ள மட்டும் மாத்த முடியாத பேரு. இதுக்குப் போயி அந்த வார்த்தையை நான் வைக்க மாட்டேன் சிஸ்டர். எக்ஸெல்ஸான்னு எழுதுங்க."

"சரி."

அவ்வளவு சுலபமாகச் சரி என்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வாதாடுவதற்காகச் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் வீணாகப் போயிற்று.

சிஸ்டர் பையிலிருந்து காகிதத்தை எடுத்து முதல் வரியில் எக்ஸெல்ஸா என்று எழுதினார். அவர் பார்க்கும்படி திருப்பிக் காட்டினார்.

"நீங்க விட்டுட்டுப் போன விவரத்தையும் லத்தீன்ல எழுதிட்டேன். ஒரு வரியில மட்டும் சந்தேகம்."

"எதுல?"

"பூ எந்தப் பக்கம் பார்க்குது?"

"எழுதியிருக்கேனே. மேல பாத்து, வானத்தைப் பாத்து."

"பார்த்தீங்களா?"

"தாள்ல இருக்கு சிஸ்டர். நீங்களே பாத்தீங்களே."

"தாள்ல அப்படி வச்சது யாரு?"

வேதமாணிக்கம் தன் கையைப் பார்த்தார்.

ஹெர்பேரியத்து வழக்கம் ஒன்று உண்டு. செடியை அழுத்தி வைக்கும் முன், சாமணம் என்னும் சிறு இடுக்கியால் பூவின் முகத்தை மேலே பார்க்கத் திருப்பிவிடுவார்கள். அப்போதுதான் இதழையும் மகரந்தத் தாளையும் எண்ண முடியும். முப்பத்தொரு வருடமாக அவர் கைக்கு வந்த எல்லாப் பூக்களையும் அப்படித்தான் திருப்பி வைத்திருந்தார். இதைத் திருப்பியதும் அவர் கைதான். திருப்பியதை மறந்து, தாளைப் பார்த்தே விவரமும் எழுதிவிட்டார்.

வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே கூடாது என்று சொல்லிக்கொடுக்கும் தவறு அது.

"செடியில... நான் பாக்கல சிஸ்டர். மழை."

"இப்பவும் மழை சீசன்தானே. பூத்திருக்குமா?"

"பூத்திருக்கும்."

"ஞாயிற்றுக்கிழமை பூசை முடிஞ்சு போவோமா?"



மடத்துத் தலைவி மதர் சுப்பீரியர் அனுமதி கொடுத்தார். கூடவே குடையும் கொடுத்தார். "உடுப்பு நனையாம வாங்க" என்றார்.

மேலே ஏற இரண்டு மணி நேரம் ஆயிற்று. சிஸ்டர் பத்து இடத்தில் மூச்சு வாங்க நின்றார். வேதமாணிக்கம் பதினோரு இடத்தில் நின்றார்.

பாறைச் சரிவுக்கு வந்தார்கள்.

"எங்கே?"

"இங்கதான் சிஸ்டர்."

தெரியவில்லை. அவர் இந்தப் பக்கம் தேடினார். அந்தப் பக்கம் தேடினார். பாறை, பாசி, தண்ணீர் வழிந்த தடம். அரை மணி நேரம் போயிற்று.

போன தடவை வழுக்கி விழுந்து நசுக்கித்தான் கண்டுபிடித்தது என்பது சட்டென்று ஞாபகம் வந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். சிஸ்டரும் கழற்றினார். அதற்குப் பிறகு இருவரும் ஓர் அடி எடுத்து வைக்கும் முன் கீழே பார்த்துப் பார்த்து நடந்தார்கள்.

"இந்தா இருக்கு சிஸ்டர்."

பாறை வெடிப்பு ஒன்றில் பதினொரு செடிகள்.

வேதமாணிக்கம் குனிந்தார். இலைதான் தெரிந்தது.

குத்தவைத்து உட்கார்ந்தார். அப்போதும் இலைதான் தெரிந்தது.

"பூவைக் காணோமே சிஸ்டர்."

சட்டைப் பையிலிருந்து சாமணத்தை எடுத்து ஓர் இலையைத் தூக்கப் போனார்.

"தொடாதீங்க."

"தொடாம எப்படிப் பாக்கது?"

சிஸ்டர் ஜெசிந்தா குடையை மடக்கித் தள்ளி வைத்தார். கண்ணாடியைச் சரி செய்துகொண்டார். பிறகு அந்த ஈரப் பாறைமேல், வெள்ளை உடுப்போடு, வயிறு பதியக் குப்புறப் படுத்தார்.

"சிஸ்டர்! என்ன செய்யுதீங்க? சேறு!"

சிஸ்டர் கன்னத்தை மண்ணில் வைத்து, செடிகள் இருக்கும் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வெகு நேரம் அசையவே இல்லை.

"சிஸ்டர், மதர் என்ன சொல்லுவாங்க?"

"வாங்க ஐயா."

"எங்க?"

"இங்கேதான்."

வேதமாணிக்கம் சுற்றுமுற்றும் பார்த்தார். மலையில் யாரும் இல்லை. முதலில் ஒரு முட்டியை ஊன்றினார். வலித்தது. இன்னொரு முட்டியை ஊன்றினார். பிறகு கையை ஊன்றி, மெல்ல மெல்லப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்தார்.

மண் குளிர்ச்சியாக இருந்தது.

பார்த்தார்.

இலைகள் இப்போது தரையில் படிந்தவையாகத் தெரியவில்லை. தலைக்கு மேலே கூரையாக இருந்தன. கூரைக்கு அந்தப் பக்கம் வானம். இலையின் கீழே மெல்லிய காம்பு வளைந்து இறங்கியிருந்தது. அதன் நுனியில் பூ.

மண்ணைப் பார்த்த பூ.

மண்ணுக்கும் அதற்கும் இடையில் ஒரு நகக்கண் இடைவெளிதான் இருந்தது. ஊதா இதழ்கள். உள்ளே மஞ்சள். தாளில் அந்த மஞ்சள் இருந்ததே இல்லை.

பதினொரு செடியிலும் பூ இருந்தது. பதினொன்றும் கீழே பார்த்துதான் இருந்தன.

மண்மேல் எறும்புகள் வரிசையாக வந்தன. எந்தத் தயக்கமும் இல்லாமல், தலையைத் தூக்கி, நேராகப் பூவுக்குள் போயின. வெளியே வந்தவற்றின் தலையில் மஞ்சள் பொடி.

வேதமாணிக்கம் மூச்சை மெதுவாக விட்டார். பலமாக விட்டால் எறும்புகள் கலைந்துவிடும் போல இருந்தது.

"மேல பாக்க முடியாம இல்ல சிஸ்டர்" என்றார் மெல்ல. "காம்பைப் பாருங்க, நல்ல உரம். அதாத்தான் வளைஞ்சு வந்திருக்கு."

"ஆமா."

"யாரும் அமுக்கல."

"இல்லை."

சாரல் பிடித்தது. எழுந்திருக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றவில்லை. இலைக் கூரையின் கீழே ஒரு சொட்டுகூட விழவில்லை.

"எங்க அப்பா நடவு வயல்ல நாள் முழுக்கக் குனிஞ்சேதான் இருப்பாரு" என்றார் வேதமாணிக்கம். "சின்னப் புள்ளைல நான் வரப்புல நின்னுக்கிட்டுக் கேப்பேன், ‘அப்பா, கொஞ்சம் நிமிந்து பாருங்களேன்’னு."

"என்ன சொல்லுவார்?"

"‘வேலை கீழதானலே கிடக்கு’ம்பாரு."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையை எடுத்தால் செடி ஆடும். துடைக்காமல் விட்டுவிட்டார்.

சிஸ்டர் ஜெசிந்தா செடியிலிருந்து கண்ணை எடுக்காமல் கூப்பிட்டார்.

"ஐயா."

"சொல்லுங்க சிஸ்டர்."

"எங்க ஊர்க் கோயில்ல எங்க வீட்டு ஆளுங்களுக்கு முன்வரிசை. உங்க அப்பா மாதிரி வயல்ல நின்னவங்க எல்லாம் பின்னாடி, தரையில. சின்ன வயசுல நான் திரும்பித் திரும்பிப் பார்த்திருக்கேன். எழுந்து போய் அங்கே உக்காந்ததில்லை."

வேதமாணிக்கம் கண்ணை மட்டும் திருப்பி அவரைப் பார்த்தார்.

"அன்னைக்கு உங்க தாளையும் நான் நின்னுக்கிட்டுதான் பார்த்தேன். ஒரு நிமிஷம்கூடப் பார்க்கலை. பேரை மட்டும் சொல்லிட்டேன். மன்னிச்சிடுங்க ஐயா."

"சிஸ்டர், நீங்க போயி..."

"மன்னிச்சேன்னு சொல்லுங்க."

சாரல் கொஞ்சம் கூடியது.

"மன்னிச்சேன் சிஸ்டர்."

சிஸ்டர் படுத்தபடியே பையை இழுத்து, காகிதத்தையும் பேனாவையும் எடுத்தார். குடையை விரித்து, காகிதம் நனையாதபடி சாய்த்து வைத்தார். குடையின் வேலை அன்று அது ஒன்றுதான்.

‘மலர் வானம் நோக்கியது’ என்ற வரியை அடித்தார். ‘மலர் மண் நோக்கியது’ என்று லத்தீனில் எழுதினார். வேதமாணிக்கம் சொல்லச் சொல்ல, மஞ்சளை எழுதினார். எறும்பை எழுதினார்.

பிறகு காகிதத்தைத் திருப்பி அவருக்குக் காட்டினார்.

"மேலே எக்ஸெல்ஸா அப்படியே இருக்கு ஐயா. அப்படியே அனுப்பலாம். விதி தடுக்காது. கையெழுத்துப் போடுங்க."

வேதமாணிக்கம் அந்தச் சொல்லைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். மறுபடி சொல்லைப் பார்த்தார்.

"அதை அடிச்சிருங்க சிஸ்டர்."

"அடிச்சிட்டு?"

"நீங்க அன்னைக்குச் சொன்னீங்கள்லா, அதை எழுதுங்க."

சிஸ்டரின் பேனா அப்படியே நின்றது.

"வேண்டாம் ஐயா. அது வேண்டாம். வேற நல்ல வார்த்தை ஐம்பது இருக்கு. ஊதாவைச் சொல்லலாம், எறும்பைச் சொல்லலாம், பாறையைச் சொல்லலாம்."

"அதையே எழுதுங்க."

"ஐயா, உங்க அப்பா பேருக்குப் பின்னாடி..."

"எங்க அப்பா பேருக்குப் பின்னால அதை எழுதினவரு மேல நின்னுக்கிட்டு எழுதினாரு. நீங்களும் நின்னுக்கிட்டுத்தான் சொன்னீங்க."

அவர் கன்னத்தை மண்ணிலிருந்து எடுக்கவில்லை.

"நான் படுத்துக்கிட்டுச் சொல்லுதேன். எழுதுங்க."